எட்டாம் நம்பர் ஜெர்சி

கியோஜா, 3 மார்ச் 1997

நெனோ,

இதற்கு முன் எழுதியவற்றை என் அண்ணன் ஊகோ மீன் சுற்ற எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்லதாகப் போயிற்று. அந்தக் கடிதங்களில் எல்லாம் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

நீ தொலைபேசிக்கு வருவதில்லை. உன் அம்மா "அவன் வெளிய போயிருக்கான்" என்கிறாள். பின்னால் உன் இருமல் கேட்கிறது. பக்கத்தில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்லவைக்கும் அளவுக்கு நான் உனக்கு ஆகாதவனாகிவிட்டேன். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

கிளப் தலைவர் பக்கலோனி ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே என்னைக் கோச் வேலையிலிருந்து நீக்கிவிட்டார். காரில் துணிகளைப் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்தேன். மீன் சந்தையில் ஊகோவின் கடைக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிறேன். முன்னால் வந்து நிற்க வெட்கம். ஊகோ சும்மா இருப்பானா? "மீன் நாத்தம் புடிக்கலன்னு பந்து ஆடப் போன துரை, இப்ப மீன் கூடைக்குப் பின்னால ஒளியுது பாரு" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்கிறான். ஒரு கிழவி பத்திரிகைப் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, "லோரிஸ், இது நீதானப்பா? யாரைக் குளிப்பாட்டுற?" என்றாள்.

அந்தப் படத்தை நீயும் பார்த்திருப்பாய். உன் முகம் ஜெர்சிக்குள் மறைந்திருக்கிறது. வயிறு வெளியே தெரிகிறது. துணியைப் பிடித்திருப்பவை என் கைகள்.

நம் ஊரிலேயே, பக்கத்து ஊர் ஃபொஸ்ஸாலூனாவிடம் ஐந்து கோல் வாங்கினோம். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் வளைவிலிருந்து ஜனம் கம்பிவேலியில் ஏறியது. "கழட்டுங்கடா! அந்த ஜெர்சிக்கு நீங்க லாயக்கில்ல!" போலீஸ்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் ஓடிவந்து, "குடுத்துடுங்கடா, முடிஞ்சுடும்" என்றேன். எல்லோரும் கழற்றினார்கள். கேப்டன் நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அப்போதுதான் நான் உன் ஜெர்சியின் கழுத்தில் கை வைத்தேன்.

வேலி உடைந்துவிடும், பையன்களுக்கு அடிபடும் என்று பயந்தேன் என்று தலைவரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டக்காரனாக இருந்த காலமெல்லாம் நடுக்களத்தில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பந்தைப் பறித்து, ஆடத் தெரிந்தவனிடம் கொடுப்பது. பறிக்க முடியாவிட்டால், ரெஃப்ரி திரும்பும் நேரம் பார்த்து ஜெர்சியைப் பிடித்து இழுப்பது. பெரிய பிரிவில் ஒரே ஒரு வருஷம் ஆடினேன். அங்கே என்னைத் தாண்டிப் போன மகாராஜாக்களின் ஜெர்சியையெல்லாம் பிடித்து இழுத்த கை இது. கோச் ஆனதும் அந்தத் தொழில் முடிந்தது என்று நினைத்தேன். கடைசியில் சொந்த ஆளுடையதையே இழுத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிவிட்டேன்.

லோரிஸ்

*

மோந்தேலாரோ, 12 மார்ச் 1997

மிஸ்டர் தியோட்ஸோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா துவைத்த துணியோடு கொண்டுவந்து கொடுத்தாள். நான் வீட்டில் இல்லை. உங்கள் இடத்தில் கோச்சாக வந்திருக்கும் புது மிஸ்டர் அணி முழுவதையும் மலைமேல் ஒரு கன்னியாஸ்திரீ மடத்து விடுதியில் அடைத்துவைத்திருக்கிறார். ஜெயிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. சூப்பில் உப்பில்லை. கேட்டால், அஞ்ஞேசே என்ற கிழட்டுச் சகோதரி, "தோத்த வாய்க்கு உப்பு ஒண்ணுதான் குறைச்சலா?" என்கிறாள். அவளும் வளைவில் நிற்கிற ஆள்தான் போலிருக்கிறது.

இனிமேல் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். மணி அடித்தாலே அம்மா வேலையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள்.

நீங்கள் ஐஸ் உடைப்பதையும் கிழவி கேலி செய்வதையும் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். படித்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காகத்தானே எழுதினீர்கள்?

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். எனக்குக் கியோஜா கிடையாது, ஓடி ஒளிய. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. கடைக்காரி கேட்பதற்கு முன்பே ரொட்டியை நறுக்கிக் கையில் தந்து அனுப்புகிறாள், சீக்கிரம் போய்விடட்டும் என்று.

அப்பா வளைவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு ஞாயிறு தவறாமல் அங்கே நின்று கத்தியவர். காய்ச்சலோடு போயிருக்கிறார். என் அக்காவின் கல்யாணத்தன்று பாதி விருந்தில் எழுந்து போயிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நஸ்ஸரேனோ

*

கியோஜா, 24 மார்ச் 1997

நெனோ,

நீ என்னை "மிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தது நான் கோச்சாக வந்த அன்று. டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கேப்டன் மட்டும் "டேய் லோரிஸ்" என்றால் நன்றாகவா இருக்கும் என்று நாமே சிரித்துக்கொண்டு முடிவு செய்தோம். வெளியே வந்ததும் பழையபடி நீ, நான். கடிதத்திலும் மிஸ்டர் என்று, கீழே நெனோ என்று போடாமல் முழுப்பெயரில் கையெழுத்து என்று பார்த்தபோது, திரும்பி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

உன் அப்பா எலியோ வளைவுக்கு வருவதில்லை என்ற வரியை என்னால் விழுங்க முடியவில்லை. நானும் நீயும் நடுக்களத்தில் ஒன்றாக ஆடிய காலத்தில், கல்யாணமாகாத என்னை ஞாயிறுதோறும் உங்கள் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டவர். பொரித்த ஆலிவைத் தட்டில் தள்ளிக்கொண்டே திட்டுவார். "தின்னு, தின்னு. இன்னிக்கு நீ ஆடுன ஆட்டத்துக்கு நாய்க்குக் கூட இதைப் போடமாட்டேன். இருந்தாலும் தின்னு." அந்தக் கரகர குரலுக்காகவே ஓடியிருக்கிறேன். ஸ்டேடியத்தில் எத்தனை பேர் கத்தினாலும் அது தனியாகக் கேட்கும்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். போன வியாழக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு மோந்தேலாரோ வந்தேன். அவர் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன். உங்கள் வாசலில் மணியை அடித்தேன். மாடி ஜன்னலில் எலியோ தெரிந்தார். என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றினேன். அவர் ஜன்னல் மரக்கதவை இழுத்துச் சாத்தினார்.

எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. வண்டிவரை கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு வேண்டியதுதான்.

லோரிஸ்

*

மோந்தேலாரோ, 4 ஏப்ரல் 1997

மிஸ்டர்,

நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள்? யாரைக் கேட்டு வந்தீர்கள்? ஈஸ்டருக்குச் சாப்பிட வீட்டுக்கு விட்டார்கள். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் மணி அடித்துவிட்டுப் போன பிறகு அப்பா நிலவறைக்கு இறங்கி, ஒயின் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாராம். "வெளிய வாங்க, ஆட்டுக்கறி ஆறிப்போகுது" என்று அம்மா கத்தியும் வரவில்லை.

ஈஸ்டர் அன்றும் எங்களுக்குள் பேச்சில்லை. உப்பைக் கொடு என்றார். கொடுத்தேன்.

நீங்கள் அவரைப் பார்க்க வேண்டாம். அவருக்கு உங்கள்மேல் கோபம் என்று நான் எழுதவில்லை. போன கடிதத்தை எடுத்துப் பாருங்கள், எழுதியிருக்கிறேனா?

இன்னொன்று. மறுபடி தோற்றோம். புது மிஸ்டர் பெட்டி கட்டுகிறார். அடுத்து என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். வருஷக் கடைசிவரை உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. துரத்தினவரையே திரும்பக் கூப்பிடுவது நம் தலைவர்களுக்குப் புதிதா என்ன? பக்கலோனி உங்களைத்தான் கூப்பிடப் போகிறார்.

மாட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்தால் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. கேப்டன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவேன். மிரட்டல் இல்லை. எனக்கே என்னைத் தெரிந்து சொல்கிறேன்.

நெனோ

*

கியோஜா, 9 ஏப்ரல் 1997

நெனோ,

நேற்று தலைவர் கூப்பிட்டார். ஒன்றுமே நடக்காத குரல். "லோரிஸ், எங்கய்யா போயிட்ட? உனக்காக பெஞ்சு காத்துக்கிட்டிருக்கு." நானா போனேன்? பதில் இன்னும் சொல்லவில்லை. ஊகோ, "போ, போ. ஐஸ் உடைக்கக்கூட உனக்கு ஒழுங்கா வரல" என்கிறான்.

எனக்குப் போக வேண்டும். அதை மறைத்து என்ன பயன்? களத்து ஓரத்தில் நிற்காவிட்டால் நான் ஒன்றுமில்லை. பதினாறு வயதில் இந்த ஊரை விட்டுப் போனேன். பிறகு ஊர் ஊராக ஆடினேன். முழங்கால் போனதும் அழாமல் கோச்சுப் பள்ளியில் போய் உட்கார்ந்தேன், சிறுவர் அணி, சர்ச் அணி என்று ஏறி வந்தேன். நாற்பது தாண்டி ஒரு உருப்படியான அணி கிடைத்தது. அதுவும் உன் அணி. ஆனால் நீ பட்டையைக் கழற்றினால் நான் வந்து எதைக் காப்பாற்றுவேன்? நீ சரி என்றால் வருகிறேன். இல்லையென்றால் இல்லை.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது. பழியை உன்மேல் தள்ளப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். முதல் கடிதத்திலேயே எழுதி அடித்துவிட்டேன்.

எத்தனை ஜெர்சியை இழுத்தவன் நான்! கிழியும், நீளும். ஆனால் ஒரு ஆள் மனது வைக்காமல் அவன் உடம்பிலிருந்து ஜெர்சி கழன்று வராது. நீ கையை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் இழுத்தேன், வரவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது நீ திடீரென்று இரண்டு கையையும் மேலே தூக்கினாய், சின்னப் பிள்ளை மாதிரி. ஜெர்சி தானாக என் கையோடு வந்துவிட்டது.

ஏன் தூக்கினாய்?

லோரிஸ்

*

மோந்தேலாரோ, 14 ஏப்ரல் 1997

லோரிஸ்,

வேறு யாரும் கவனிக்கவில்லை. படம் எடுத்தவனுக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்ற பயத்தில்தான் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. என்னைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பள்ளிக்கு அனுப்புவது அப்பா. தூக்கக் கலக்கத்தில் நிற்பேன். "கையத் தூக்கு, நெனோ" என்பார். தூக்குவேன். சட்டை தலைவழியே வரும்.

அன்றைக்கு நீ இழுத்துக்கொண்டிருந்தாய். நான் கொடுக்கக் கூடாது என்றுதான் நின்றேன். நீ என்ன, போப்பாண்டவரே வந்து இழுத்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். அப்போது வேலிமேலிருந்து குரல் கேட்டது. "கழட்டுடா நெனோ! கையத் தூக்கு! கழட்டிக் குடு! நீ அதுக்கு லாயக்கில்ல!"

ஸ்டேடியத்தில் தனியாகக் கேட்கும் என்று எழுதியிருந்தாயே, அந்தக் குரல்.

நான் யோசிக்கவில்லை. கை தானாகத் தூக்கிக்கொண்டது. முகத்தின்மேல் துணி வந்தபோது, அது அங்கேயே இருக்கட்டும், இறங்க வேண்டாம் என்று இருந்தது.

அவர் கத்தியது எனக்குக் கேட்டது என்று அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவருக்கு அறுபத்தெட்டு வயது. மடத்து விடுதியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து பார்க்கிறேன், அம்மா தினமும் "அந்த லோரிஸ் பாவி, எம் புள்ளைய ஊருக்கு முன்னால அம்மணமாக்கிட்டான்" என்று புலம்புகிறாள். அப்பா கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறார். நான் உன்னைத் திட்டவிட்டுச் சும்மா சாப்பிடுகிறேன். மூன்று பேரும் ஒரே மேஜையில் உன்னைத் தின்கிறோம்.

இதோடு முடியவில்லை. மறுநாள் காலை தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சொல்லு கேப்டன், யார் செஞ்சது இது?" என்றார். "மிஸ்டர்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில்தான் உன்னை அனுப்பினார். கதவு திறந்திருந்தது, வெளியே நீ உட்கார்ந்திருந்தாய். கேட்டிருக்கும். கேட்டும் நீதான் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாய்.

வெட்கமாக இருக்கிறது லோரிஸ். வா. பட்டையைக் கழற்றமாட்டேன். அப்பாவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதே.

நெனோ

*

கியோஜா, 18 ஏப்ரல் 1997

நெனோ,

சந்தையில் நின்றுகொண்டே படித்தேன். ஊகோ, "யார்ரா செத்தது?" என்று கேட்டான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. என் கை மட்டுமே இல்லை என்று மார்பு லேசாகிவிட்டது. பெற்ற அப்பன் அப்படிக் கத்தியதை ஒருவன் எழுதுகிறான், நான் அதைப் படித்து மூச்சு விடுகிறேன். எவ்வளவு கேவலமான ஆள் நான் என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஆமாம், கதவு வழியாகக் கேட்டது. நீ சொன்னதில் பொய் என்ன? செய்தது நான்தானே?

எலியோவிடம் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை வருகிறேன். எல்லோர் முன்னாலும் மிஸ்டர் என்றே கூப்பிடு.

லோரிஸ்

*

மோந்தேலாரோ, 10 ஜூன் 1997

டேய் லோரிஸ்,

எங்கே ஓடினாய்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் உன் அலமாரி காலி. ஏழு வாரம் ராப்பகலாக உழைத்துவிட்டு, கடைசி விசில் ஊதும்போது ஊரிலேயே இல்லை. தலைவர் உன்னைத் தேடவில்லை. நான் தேடினேன்.

இன்றைய பத்திரிகையில் மறுபடி உன் படம். மறுபடி கையில் ஜெர்சி. அட மடையா! அவர்கள் ஆள் ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடுகிறான். கோச், கோட்டும் டையுமாக நிற்கிறவர், பாய்ந்து அவன் ஜெர்சியைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்! ரெஃப்ரிக்கு எந்தச் சட்டப்படி உன்னை வெளியே அனுப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார். நம் பையன்கள் இந்தத் துக்கத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். சத்தியமாகச் சொல்கிறேன், விட்டிருந்தால் அது கோல்தான்.

ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்திருக்க வேண்டும், ஜெயிக்கவில்லை. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விசில் ஊதியதும் வளைவு மறுபடி வேலியில் ஏறியது. அதே கத்தல். "கழட்டு! கழட்டு!" பையன்கள் என்னைப் பார்த்தார்கள். யாரும் கழற்றக் கூடாது என்றேன். எனக்குப் பயம் அந்த ஜனத்திடம் இல்லை. காது எந்தக் குரலைத் தேடியது என்று உனக்குத் தெரியும்.

அப்பா அங்கே இருந்தார். எப்போது வந்தார், யாரோடு வந்தார், தெரியாது. வேலியின் குறுக்குக் கம்பியில் ஏறி நின்றிருந்தார், அந்த வயதில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைவைப் பார்த்து. கோட்டைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். சட்டையைக் கழற்றி எறிந்தார். உள்பனியனையும் கழற்றினார். அந்தக் கரகர குரல்: "ஜெர்சி வேணுமாடா உங்களுக்கு? இந்தாங்கடா! மொதல்ல கத்தினவன் நான்தான்! லாயக்கில்லாதவன் நான்தான்! எடுத்துக்குங்க!"

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் தங்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்த மனுஷன் வெறும் மார்போடு, எலும்பு தெரிய நின்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

போலீஸ்காரர் வேலிக் கதவைத் திறந்து அவரை என் பக்கம் இறக்கிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீ கையத் தூக்குனியே, அப்பவே தெரியும். அவன் இழுத்தா நீ தூக்குவியா?"

ஜன்னல் கதவை ஏன் சாத்தினார் என்று இப்போது புரிகிறதா? நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே நின்றதை அவரால் பார்க்க முடியவில்லையாம்.

என் ஜெர்சியை நானே கழற்றினேன். ஒருவரும் கேட்கவில்லை, கழற்றினேன். வியர்வையில் நனைந்து கனத்துக் கிடந்தது. "கையத் தூக்குங்கப்பா" என்றேன்.

தூக்கினார், இரண்டு கையையும். தலைவழியே போட்டுவிட்டேன்.

எட்டாம் நம்பரோடு ஊர் முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தார். நான் வெறும் மார்போடு பக்கத்தில். ரொட்டிக் கடைக்காரி வாசலுக்கு வந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பிறகு, "அப்ப அந்த லோரிஸை இத்தனை நாளா சும்மாவா திட்டினேன்?" என்று அழுதாள்.

ஈர ஜெர்சியில் அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. துவைக்கக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். போட்டுக்கொண்டே தும்முகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலிவ் பொரிக்கிறார்களாம். நீ வந்து உட்கார்ந்தால்தான் அவர் சாப்பிட உட்காருவாராம். மணி அடிக்க வேண்டாம், கதவு திறந்திருக்கும்.

நெனோ